கருப்பியின் ரத்தம்

நாய்களின் ரத்தத்தைச் சோதித்துச் சீவிக்கிற என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும், கலியாண வீட்டில் யாராவது "என்ன வேலை பார்க்கிறீங்கள்?" என்று கேட்டால் வருகிற சங்கடம். மன்னாரில் இருந்த காலத்தில் எனக்கு அந்தத் தொல்லை இல்லை. ஊருக்கே தெரிந்திருந்தது.

ஊசி பட்ட இடம்

எருக்கலம்பிட்டிக்குப் போகிற வழியில் ஜெசிந்தா அக்கா தெருநாய்களுக்கு ஒரு காப்பகம் நடத்தினார். அங்கே காய்ச்சல் கண்டு குட்டிகள் அடுத்தடுத்துச் செத்தன. மிருக வைத்தியர் நஸீரோடு நானும் போனேன். கருப்பி என்ற நாய்க்குக் கண்ணெல்லாம் மஞ்சள். காலில் குத்தி ரத்தம் எடுத்தேன். குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவேயில்லை. ஈரல் பழுதானால் ரத்தம் லேசில் உறையாது என்றார் டொக்டர். நான் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி குந்தியிருந்தேன். கருப்பியின் தலையை மடியில் வைத்திருந்த அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அதிட்ட இருக்கிறதே கொஞ்ச ரத்தம் தங்கச்சி, அதையும் எடுத்துப் போட்டீங்களே!"

பஸ்ஸில் போன பெட்டி

ஈரல் கெட்டிருப்பது எங்கள் சோதனையிலேயே தெரிந்துவிட்டது. கெடுத்தது எது என்பதுதான் கேள்வி. நாய்களுக்கு மட்டும் வருகிற ஈரல் வைரசா, மனிதருக்கும் தொற்றுகிற எலிக்காய்ச்சலா? அதைப் பிரித்துப் பார்க்கிற வசதி எங்களிடம் இல்லை. மீன்வாடியில் குளிர் தாங்கும் ரெஜிபோம் பெட்டி ஒன்று வாங்கி, ஐஸ் போட்டு, மாதிரிகளைக் கண்டிப் பக்கத்துப் பெரிய ஆய்வுகூடத்துக்கு நானே கொண்டுபோனேன். பெட்டிக்குள் என்ன என்று கேட்ட கண்டக்டர், நான் சொன்னதும் என் காதருகே குனிந்தார்.

"மீன் எண்டு சொல்லுங்கோ அக்கா, நாய் ரத்தமெண்டா பஸ் வெறுமையாப் போயிடும்."

சூசை அண்ணன்

முடிவு வருவதற்குள் காப்பகத்து வாசலில் சனம் கூடிவிட்டது. முன்னுக்கு நின்றவர் பக்கத்து வீட்டுச் சூசை அண்ணன், கடலுக்குப் போகிறவர். அவருடைய மகள் அந்தக் குட்டிகளோடுதான் விளையாடுவாள். இப்போது அவளுக்கும் காய்ச்சல். நாய்களிடமிருந்து கண் மஞ்சளாகிற செங்கமாரி தொற்றிவிட்டது, எல்லாவற்றையும் கொன்றுவிட வேண்டும் என்று நின்றார். ஜெசிந்தா அக்கா வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். முடிவு வரும்வரை பொறுக்கச் சொல்லி டொக்டர் கெஞ்சினார்.

வந்த முடிவில் எலிக்காய்ச்சல் இல்லை. நாய்களோடு நின்றுவிடுகிற வைரஸ்தான். ஆஸ்பத்திரியிலும் பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தார்கள், அண்ணன்தான் நம்பவில்லை. நான் அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். கதிரையில் பொத்தென்று இருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப என்ர பிள்ளைக்கு அது இல்லை... இன்னொருக்காச் சொல்லுங்கோ மிஸ்."

நீலக் கண்

மற்ற நாய்களுக்குத் தடுப்பூசி போட்டோம். கருப்பியைத் தனிக் கூட்டில் வைத்தோம். அது மெல்ல மெல்லச் சாப்பிடத் தொடங்கியது. ஆனால் ஒரு கண் நீலம் பாய்ந்து மங்கிப்போனது. இந்த நோயிலிருந்து தேறும்போது சில நாய்களுக்கு அப்படி வரும், பெரும்பாலும் தெளிந்துவிடும் என்று நான் விளக்கினேன். கருப்பிக்கும் பிறகு தெளிந்தது. இப்போது வவுனியா ஆய்வுகூடத்தில் எனக்கு ரத்தம் நிரப்பிய குழாய்கள்தான் வருகின்றன, நாய்கள் வருவதில்லை. ஒவ்வொரு குழாயைத் தூக்கும்போதும், அன்று என் விளக்கத்தைக் காதிலேயே போடாமல் கருப்பிக்குச் சோறு பிசைந்துகொண்டு ஜெசிந்தா அக்கா சொன்னதுதான் நினைவுக்கு வருகிறது.

"கண் தெரியாட்டி என்ன, கூப்பிட நான் இருக்கிறன்தானே."

நோயாளி வாயே திறக்காத, கூட வந்தவர் வாயே மூடாத தொழில் இது. என்னவோ, எனக்குப் பிடித்துத்தான் போய்விட்டது.