கரி ரேகை நின்ற பக்கம்

என் மேசையில் ஒரு புத்தகம் கிடக்கிறது. ஆடுகளுக்கு வரும் நோய்களையும் அவற்றுக்கான கைவைத்தியத்தையும் சொல்லும் சின்னப் புத்தகம். அட்டை நைந்துவிட்டது. முதுகில் ஒட்டிய எண் பாதி உரிந்து தொங்குகிறது. பிரித்தால் ஒவ்வொரு வலப்பக்கத்தின் கீழ்மூலையிலும் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. விறகுக்கரி. முதல் பக்கத்தில் தொடங்கும் அந்த விரல் நாற்பத்தொன்றாம் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. படித்துக்கொண்டிருந்தவளுக்கு அலுத்துப்போய் நிற்கவில்லை. நிறுத்தியது நான்.

நூலக அலுவலகம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அருப்புக்கோட்டையில் கடை வைத்துப் பிழைக்கும் என் சொந்தக்காரர்கள், "உனக்கென்னம்மா, உக்காந்து புஸ்தகம் படிக்கிற வேலை" என்பார்கள். என் வேலை படிப்பதல்ல, எண்ணுவது. வருஷத்துக்கு ஒரு தடவை கிராமத்து நூலகங்களுக்குப் போய்ப் பதிவேட்டில் உள்ள புத்தகங்கள் அலமாரியில் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பேன். ஒரு புத்தகத்தை எத்தனை பேர் படித்தார்கள் என்று அந்தப் படிவத்தில் எங்கேயும் கேட்டிருக்காது. இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி.

திருச்சுழி போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஊர். தண்ணீர்த் தொட்டிக்கும் ரேஷன் கடைக்கும் நடுவில் ஒற்றை அறை நூலகம். அங்கே நூலகராக இருந்தவரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன். தொகுப்பூதியத்தில் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "சர்க்கார் வேலைங்கிறாக, நிரந்தரமா?" என்று கேட்டுவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான், திரும்பி வரவில்லையாம். அந்த வருஷம் நிரந்தரம் செய்யப்படுவோர் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அவர் பெயர் அதில் இருந்தது. நான் எழுதப்போகும் அறிக்கை ஒன்றுதான் பாக்கி.

அந்தப் பக்கத்தில் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் அதிகம். விறகை அடுக்கி, மண்ணைப் பூசி, நெருப்பு வைத்துவிட்டால் மூட்டம் வேகிற நாளெல்லாம் பக்கத்திலேயே காவல் இருக்க வேண்டும். வெடிப்பு விழுந்து புகை கிளம்பினால் ஓடிப்போய் மண் அப்ப வேண்டும். மற்ற நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அண்ணாச்சி அந்தச் சும்மா இருக்கும் நேரத்தைப் பார்த்தார். அவர்களுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. முன்பணம் கட்டி, பொறுப்புக் கையெழுத்து வாங்கி, நிலையான முகவரி எழுதினால்தான் அட்டை. இன்றைக்கு நரிக்குடிப் பக்கம், அடுத்த மாதம் கமுதிப் பக்கம் என்று மூட்டத்தோடு நகர்கிறவர்கள் எந்த முகவரியை எழுதுவார்கள்? அவர் தன் பொறுப்பில் கொடுத்தார். ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்.

திரும்பி வந்த புத்தகங்களைப் பிரித்து எனக்கே காட்டியிருக்கிறார். "இங்கன பாருங்க மேடம், கடைசிப் பக்கம் வரைக்கும் கரி இருக்கு. இந்தப் பிள்ளை முழுசாப் படிச்சிருக்கு. இது பாருங்க, பத்துப் பக்கத்துல நின்னுபோச்சு. புஸ்தகம் சரியில்ல." எங்கள் அலுவலகத்துக்குக் கட்டுக் கட்டாகப் புத்தகம் வாங்கி அனுப்பிய எந்தப் பெரிய மனிதருக்கும் தெரியாத விஷயம் அது. நானோ அந்தக் கரியைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் 'சேதம்' என்று எழுதினேன்.

அந்தப் பங்குனியில் எண்ணியபோது நாற்பதுக்கும் மேல் குறைந்தது. அண்ணாச்சி நோட்டை எடுத்து நீட்டினார்.

"தொலையல மேடம். ஒவ்வொண்ணும் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். ஐப்பசி மழை விழுந்தா மூட்டம் போட முடியாது, எல்லாரும் ஊரு திரும்பிருவாக. புஸ்தகமும் வந்துரும். அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்து எழுதுங்க."

"சரிபார்ப்பு மழையப் பாத்து வராது அண்ணாச்சி" என்றேன்.

எவ்வளவு வாய்க்கொழுப்பு எனக்கு! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நான்தான். பெரிய மனது வைத்தவள்போல ஒரு வாரம் தவணை கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க அவர் பஸ்ஸிலும் நடையிலுமாக மூட்டம் மூட்டமாக அலைந்து, படித்துக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்து புத்தகங்களை வாங்கிக்கொண்டு வந்தார். பாதிதான் அகப்பட்டது. இந்த ஆட்டு வைத்தியப் புத்தகம் அப்படி அகப்பட்டவற்றில் ஒன்று. மீதியைத் 'தொலைந்தவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோட்டைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. பட்டியலிலிருந்து அவர் பெயர் போயிற்று. சம்பளத்திலும் பிடித்தார்கள்.

ஐப்பசியில் மழை பெய்தது. அண்ணாச்சி உரச்சாக்கு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு அலுவலகப் படியேறி வந்தார். மேலாளர் மேசையில் புத்தகங்களை அடுக்கி, "எண்ணிக்கோங்க சார், ஒண்ணு குறையாது" என்றார். குறையவில்லைதான். மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிடித்தம் போட்டாச்சு. பதிவேட்டுல அடிச்சாச்சு. இனிமே அது ஒங்க புஸ்தகம். எடுத்துட்டுப் போங்க." அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கோப்பைப் புரட்டினேன். கோப்பில் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு அவர் பீரோவைப் பூட்டினார். ஊர் ஆட்கள் செய்தித்தாள் படிக்கலாம். புத்தகம் யாருக்கும் கிடையாது. தொலைந்ததாக நான் எழுதிய புத்தகங்களை மட்டும் தன் வீட்டிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். தாள் தாளாக உதிரும்வரை அவை சுற்றின. சர்க்கார் புத்தகங்கள் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தன. அடுத்தடுத்த வருஷங்களில் நான் போய் எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. 'மிகவும் திருப்தி' என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அண்ணாச்சி சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதிலாக அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

நிரந்தரம் ஆகாமலே ஓய்வு பெற்றார், ஓய்வூதியம் இல்லை. அவருக்குப் பிறகு வேறு ஆள் போடவில்லை, நூலகம் பூட்டியே கிடந்தது. அவர் இறந்து சில மாதம் கழித்து அந்த அறையை இடிக்கப் போகிறார்கள் என்று பீரோவைத் திறக்க என்னை அனுப்பினார்கள். உள்ளே பாதிக்குமேல் கரையான் மண். ஆனாலும் முதுகுகள் வரிசையாக நின்றன. எண்ணிப் பார்த்தேன், எண்ணிக்கை சரியாக இருந்தது. வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். கரிமூட்டத்து ஆள் என்று நகக்கண்களே சொல்லின.

"அந்த ஆட்டு வைத்தியப் புஸ்தகம் இருக்காம்மா? பாதி படிச்சிருந்தேன், அண்ணாச்சி வந்து வாங்கிட்டுப் போயிட்டாக. கழிச்சலுக்கு என்ன குடுக்கணும்னு வாரதுக்குள்ள வாங்கிட்டாக. அந்த வருஷம் எனக்கு எட்டு ஆடு செத்துச்சு."

புத்தகம் என் கையிலேயே இருந்தது. "கழிவுக்குப் போற பட்டியல்ல இருக்கும்மா, குடுக்க முடியாது" என்றேன். சொன்ன பிறகுதான் என் குரலே எனக்குக் கேட்டது. அன்றைக்குச் சாயங்காலம் அதே புத்தகத்தை என் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வேலியே பயிரை மேய்ந்தது. ஒரு கேள்வி வரவில்லை. கழிவுக் காகிதத்தை எடைபோடும்போது எவன் எண்ணுகிறான்?

சென்ற மாதம் மதுரையில் ஒரு கூட்டம். வளரும் நாடுகளுக்குத் தேசிய அளவில் நூலகச் சட்டமும் கொள்கையும் வேண்டும் என்று கோட்டுப் போட்டவர்கள் பேசினார்கள். நல்ல பேச்சுதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் மாநிலத்தில் எத்தனையோ காலமாகச் சட்டம் இருக்கிறது. வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறோம். கட்டடம் உண்டு, பதிவேடு உண்டு, என்னைப் போல எண்ணுகிற ஆளும் உண்டு. படிக்கப் படிக்கப் புத்தகம் தேயும், சில புத்தகம் திரும்பாது, அதற்காக நூலகரின் சோற்றில் கை வைக்கக் கூடாது என்று சொல்லும் விதி எங்கோ இருப்பதாகச் சொல்வார்கள். எங்கள் மேசைக்கு அது வந்து சேரவில்லை. பிழைப்புக்காக மாவட்டம் விட்டு மாவட்டம், மாநிலம் விட்டு மாநிலம் போகிற ஆளுக்கு எங்கே போனாலும் செல்லுகிற ஓர் அட்டை கொடு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வருமானால் முதல் வரி இதுவாக இருக்கட்டும். இதை எழுந்து சொல்ல நினைத்தேன். கடைசி வரிசையில் இருந்தேன். அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மறுநாளே புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். விசாரித்து அந்தப் பெண்ணின் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் புத்தகத்தை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாள், தள்ளிப் பிடித்தாள், பிறகு மடியில் வைத்து அட்டையைத் தடவினாள்.

"புகையில கண்ணு போயிருச்சும்மா. ஆடும் இல்ல. இனிமே எனக்கு எதுக்கு? நீங்களே வச்சுக்கோங்க."

கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறேன். நேற்று அவள் விட்ட இடத்திலிருந்து படித்துப் பார்த்தேன். கழிச்சலுக்கான மருந்து நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் மூலை வெள்ளையாக இருக்கிறது.