ஆற்றங்கரை மண்டபத்தில் அக்காவுடன்

திருநெல்வேலி கண் மருத்துவமனையில் அன்று டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "போன பார்வை திரும்பாதும்மா. இருக்கத காப்பாத்தப் பாப்போம். சொட்டு மருந்த ஒரு நாளும் விட்றாதீங்க" என்றார். அக்கா தலையாட்டினாள். வெளியே வந்ததும் நான் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோவைக் கைகாட்டினேன்.

"ஏலே, ஆத்தங்கரை மண்டபத்துக்குப் போவோம்" என்றாள்.

நாகலாபுரத்தில் மிளகாய் போடுகிறவள் அக்கா. மாமா இறந்த பிறகு கரிசல் காட்டைத் தனியாகப் பார்க்கிறாள். திருநெல்வேலிக்கு வரும்போதெல்லாம் பாலத்தின் மேலிருந்து அந்த மண்டபத்தைப் பார்த்ததோடு சரி. ஒரு தடவைகூட இறங்கிப் போனதில்லையாம்.

மண்டபத்துக்கு முன்னால் கல் பாவிய சதுரத் திடல். அதன் ஓரத்திலிருந்து படிகள் தாமிரபரணிக்குள் இறங்கின. வெயில் ஏறியிருந்ததால் ஆள் குறைவு. தூண்களில் என் தோள் உயரத்துக்கு, வெள்ளம் வந்து போன மண் கறை.

அக்காவுக்கு எதிரே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் தெரியும். சுற்றிலும் புகை. முகத்தை மேலும் கீழும் மெதுவாக நகர்த்திப் பார்த்தாள்.

"துண்டு துண்டாத்தான் தெரியுது. முழுசா எப்படி இருக்குன்னு சொல்லு."

"பெருசா இருக்குக்கா. நெறய தூணு."

"பெருசுன்னா?"

நான் தூண்களை எண்ணத் தொடங்கினேன். "எண்ணிக்கைய வச்சு நான் என்ன செய்ய?" என்றாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருஷமாக எழுதுகிறவன் நான். கூரையின் விளிம்பு கல்லாக இருந்தும் துணி மாதிரி வளைந்து இறங்குவதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "நல்லா இருக்குக்கா" என்றேன்.

அவள் தூணைத் தடவ ஆரம்பித்தாள். "இங்கன ஒரு பொம்பள நிக்கா. கையில கிளி. மூக்கு ஒடஞ்சிருக்கு." அவள் சொன்ன பிறகுதான் நான் அதைப் பார்த்தேன்.

தண்ணீர்ச் சத்தம் கேட்ட பக்கமாக அப்படியே நடந்தாள். திடல் முடிந்து படி தொடங்கும் இடம் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கால் வெறும் காற்றில் இறங்கியது. ஓடிப்போய் இடுப்போடு சேர்த்துப் பிடித்தேன். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்துவிட்டோம். செருப்பு ஒன்று உருண்டு ஆற்றில் போனது.

"விடுலே" என்றாள். நான் விடவில்லை. "எத்தன நாளைக்கு இப்படிப் பிடிச்சுக்கிட்டு இருப்ப?"

"கோவில்பட்டிக்கு வந்துரு. எங்ககூட இரு."

"அங்கன வந்து? உங்க வீட்டுச் சுவரத் தடவிக்கிட்டு இருக்கவா? எங்காடுன்னா எனக்குக் காலே வழி சொல்லும்."

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அவள் வந்திருப்பாள் என்றும் தோன்றவில்லை.

கோவில்பட்டியில் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். கூட வருகிறேன் என்றதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாகலாபுரம் பேருந்தில் ஏற்றி, நடத்துநரிடம் பார்த்து இறக்கிவிடும்படி சொன்னேன். சாயங்காலம் போன் செய்தாள்.

"மருந்து விட்டியாக்கா?"

"விட்டேன். ஒரு கண்ணுல விழுந்துச்சு. இன்னொண்ணு கன்னத்துல போயிருச்சு."

"திரும்ப விடுக்கா."

"ரெண்டு தரம் விட்டுப் பாத்துட்டேன்" என்றாள்.