ஈயத்தோடு பழகியவர்

திருவொற்றியூர் குப்பத்து ஜெகதீசனுக்கு வயது நாற்பத்தொன்று. முன்பற்கள் இரண்டிலும் சின்னப் பள்ளம் உண்டு. வீச்சு வலையின் ஓரத்தில் ஈயக்குண்டை வைத்துப் பல்லால் கடித்து இறுக்கியே விழுந்த பள்ளம் அது. குறடு கையிலேயே இருந்தாலும் பல்லைத்தான் நம்புவார். அவர் அப்பா கடித்தார், மாமா கடித்தார், யாரும் ஈயத்தால் சாகவில்லை. அதாவது, ஈயத்தால் செத்ததாக யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

முகத்துவாரத்தில் வலை போட்டால் மீனைவிட அனல்மின் நிலையச் சாம்பல் அதிகம் ஏற ஆரம்பித்ததும், ஜெகதீசன் உலகத்தைக் காப்பாற்றும் வேலைக்குப் போனார். எண்ணூர் பக்கம் புதிதாக வந்த சோலார் ஃபேக்டரி. ஊரில் மொட்டைமாடிகளில் இருக்கும் சாதாரணத் தகடு இல்லை, அடுக்குத் தகடு. கீழே சிலிக்கான், அதன் மேல் மஞ்சள் கரைசலைப் பூசிச் சுட்டெடுத்த இன்னோர் அடுக்கு. ஒரே வெயிலை இரண்டு தடவை பிழியலாம் என்றார்கள். பிழியும் விஷயத்தில் முதலாளிகளின் திறமையை ஜெகதீசன் என்றைக்கும் சந்தேகித்ததில்லை.

முதல் நாள் பாதுகாப்பு வகுப்பு. அதிகாரி குணசேகரன் மண்டை ஓட்டுப் படம் போட்டுக் காட்டினார்.

"இந்த மஞ்சள் கரைசல்ல ஈயம் இருக்கு. ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

"ஈயமா சார்?" ஜெகதீசன் சிரித்தேவிட்டார். "பொறந்ததுலேர்ந்து வாயிலதான் வச்சினுகீறேன்!"

வகுப்பு கைதட்டியது. குணசேகரனும் சிரித்தார். வகுப்பு பத்து நிமிடம் முன்னதாகவே முடிந்தது.

சில மாதம் கழித்து நிர்வாகம் தண்ணீரைச் சேமிக்கத் தீர்மானித்தது. அடுக்குத் தகடு அடுக்குக்கு அடுக்கு கழுவ வேண்டிய பொருள். தகட்டைக் கழுவாமல் விட முடியாது. ஆகவே தொழிலாளி வேலையில் போடும் மேல்கோட்டைக் கழுவாமல் விட்டார்கள். சலவை அறைக்குப் பூட்டு விழுந்தது. அவரவர் கோட்டு, அவரவர் வீடு. அந்தத் தண்ணீர் இனி ஃபேக்டரியின் தண்ணீர் இல்லை என்பதால் பூமி ஓரளவு பிழைத்தது. பசுமைச் சான்றிதழ் வந்தது. கண்ணாடி போட்டு வாசலில் மாட்டினார்கள்.

ஜெகதீசன் வீட்டில் கோட்டை ஊறப்போடுவது மனைவி பவானி. வாளியில் மஞ்சளாக நுரை பொங்கும். மூன்று வயது மகள் மகிழினி அந்த நுரையை அள்ளிப் பொம்மைக்கு நலங்கு வைப்பாள். தனக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்வாள்.

"இன்னாய்யா இது, எத்தினி சோப்பு போட்டாலும் போவ மாட்டேங்குது?"

"ஈயம்மே. ஒண்ணியும் பண்ணாது, வுடு."

குழந்தை சாப்பாட்டைத் தள்ள ஆரம்பித்தாள். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். பூச்சி மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. வண்ணாரப்பேட்டை டாக்டர் தஸ்னீம், அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். நான்காம் நாள் முடிவு வந்தது.

"ரத்தத்துல ஈயம் முப்பத்தொண்ணு இருக்கு."

"நல்ல மார்க்கா டாக்டரம்மா?" என்றார் ஜெகதீசன்.

"அஞ்சு வந்தாலே நாங்க பதறுவோம்."

ஜெகதீசனுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஈயந்தானேம்மா? முப்பது வருசமா கடிக்கிறேன். எனுக்கு ஒண்ணும் ஆவலியே."

"ஆகலைன்னு யார் பார்த்தா? உங்களுக்கும் ரத்தம் எடுக்கணும். குண்டு கெட்டியா இருக்கும், அதைக் கடிக்கிறதே தப்பு. இது தண்ணில கரைஞ்சது. நுரை பட்ட விரல் வாய்க்குப் போனா போதும். இவளுக்கு மூளை வளர்ற வயசு. முதல்ல அந்தக் கோட்டு வீட்டுக்குள்ள வரக் கூடாது. அப்பதான் இது இறங்கும்."

ஷேர் ஆட்டோவில் பவானி குழந்தையின் விரல்களை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தார். வீடு வரும்போது மட்டும் சொன்னார்:

"ஒண்ணியும் பண்ணாதுன்னியே."

மறுநாள் காலை ஜெகதீசன் ஊறிய கோட்டை அப்படியே வாளியோடு ஃபேக்டரிக்குத் தூக்கிப் போனார். மூடி போட்டிருந்ததால் மீன் என்று நினைத்து வாட்ச்மேன் விட்டுவிட்டார். வாளி குணசேகரனின் மேஜை மேல் உட்கார்ந்தது.

"சார், இனிமே கோட்ட இங்கியே துவைங்க."

மூடியைத் திறந்தார். குணசேகரன் நாற்காலியோடு சுவர் வரை போனார்.

"தொடாதே! யாரும் தொடாதீங்க!"

சைரன் அலறியது. பத்தே நிமிடத்தில் அறை காலி. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு போட்ட இருவர் வந்து, வாளியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார்கள். சனிக்கிழமைதோறும் பவானி குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் அலசிய வாளி அது.

விபத்துப் படிவத்தை குணசேகரன் வராந்தாவில் நின்று நிரப்பினார்.

"வெறுங்கையால தொட்டவங்க பேர்?"

"பவானி. அப்பாலிக்கா மகிழினி."

"மகிழினி எந்த டிபார்ட்மெண்ட்?"

"மூணு வயசு சார்."

பேனா நின்றது. வராந்தாவில் கூடியிருந்தவர்களில் ஒருவர் தன் கோட்டைக் கழற்றிச் சலவை அறை வாசலில் போட்டார். இன்னொருவர் போட்டார். எல்லார் வீட்டிலும் வாளி இருந்தது. சலவை அறைச் சாவியைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை பூமியைக் காக்கும் பணி நின்றிருந்தது.

சாயங்காலம் ஜெகதீசன் ஃபேக்டரியிலேயே இரண்டு தடவை குளித்து, பனியனோடு வீடு வந்தார். மகிழினி ஓடி வந்தாள். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். குழந்தை ஓவென்று அழுதாள்.

"அதான் குளிச்சிட்டியே. தூக்குய்யா," என்றார் பவானி.

ஜெகதீசன் விரல்களை விரித்து, நகக்கண்ணை வெளிச்சத்தில் பார்த்தார்.

"இன்னொரு தபா குளிச்சிட்டு வரேன்மே."