கப்பல்காரர் கல்லறைக்குச் சுண்ணாம்பு

எங்கள் தேவாலயப் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. கல்லறைத் திருநாளுக்கு முன்பு நம் வீட்டுக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது, பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் கல்லறைக்கும் சேர்த்து அடித்துவிட வேண்டும். மெழுகுவர்த்தியும் ஏற்ற வேண்டும். கடலூரில் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அப்படி எங்களுக்கு வாய்த்தவன் ஓர் ஆங்கிலேயன். இடையில் இருந்த சுவர் எப்போதோ இடிந்து, வெள்ளைக்காரர்களும் எங்கள் ஆட்களும் ஒரே புல்லில் கிடக்கிறார்கள். கல்லில் பாய்மரக் கப்பல் செதுக்கியிருந்ததால் அம்மா அவனைக் 'கப்பல்காரர்' என்பாள். மரியாதை கொஞ்சமும் குறையாது.

என் தம்பி சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன். ஆப்பிரிக்கா பக்கம் கடல்கொள்ளையர்கள் கப்பலோடு அவனைப் பிடித்து ஏழு மாதம் வைத்திருந்தார்கள். நான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி மனு கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா வாராவாரம் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீயும் கடல்ல கெடந்து கஷ்டப்பட்டவருதான? எம்புள்ளய கொண்டாந்து வுட்டுடுய்யா."

பிள்ளை வந்துவிட்டான். வலது கையில் இரண்டு விரல்களில் நகம் இல்லை. ஏனென்று அவன் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த வருஷத்திலிருந்து கப்பல்காரருக்குச் சுண்ணாம்பு அடிப்பது அவன் பொறுப்பாயிற்று. தான் உயிரோடு திரும்பியது அந்த ஆளின் தயவு என்று அம்மாவைப் போலவே அவனும் நம்பினான்.

நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நான்கு நாள் முன்பு, எங்கள் நூலகத்தில் பழைய ஆங்கிலக் கடலோடிகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று கையில் சிக்கியது. அதில் எங்கள் கல்லில் இருக்கும் அதே பெயர், அதே வருஷம், இறந்த இடம் கடலூர். சொந்தக்காரரைக் கண்ட மாதிரி ஆசையாகப் படிக்க உட்கார்ந்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சின்ன வயதில் வீட்டை விட்டு ஓடிக் கப்பலேறியவன். கரீபியத் தீவுகளில் மரம் வெட்டினான். உடம்பு வளையவில்லை, கொள்ளைக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான். ஸ்பானியர்களின் ஊர்களைக் கொளுத்தி, தேவாலயங்களின் வெள்ளியைப் பெயர்த்தெடுத்தான். அங்கிருந்து விரட்டப்பட்டதும் நம் கடலுக்கு வந்தான். பரங்கிப்பேட்டையிலிருந்து துணி ஏற்றிப் போன கப்பலை மடக்கி, சரக்கை எங்கே ஒளித்தீர்கள் என்று கேட்டு, மாலுமிகளின் விரல் இடுக்கில் எரியும் திரியை வைத்துக் கட்டினான். அதற்குப் பிறகும் ஆங்கிலேயரிடம் அவனுக்கு மன்னிப்பு கிடைத்தது, கடலூர்க் கோட்டையில் பீரங்கி உத்தியோகமும் கிடைத்தது. புத்தகம் எழுதிய மகானுபாவர் அவனைத் 'துணிச்சல்மிக்க சாகசக்காரர்' என்கிறார். விரல் கருகியவர்களில் ஒருவனுக்குக்கூட அதில் பெயர் இல்லை. கடைசியில் சீதபேதியில் செத்தானாம். படித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

கடலூர் பஸ்ஸில் வழியெல்லாம் அதே நினைப்பு. இந்த ஆளுக்கா பூப்போட்டோம், இந்த ஆளிடமா என் தம்பியைக் கேட்டு அழுதோம்? அம்மாவிடம் சொன்னால் உடைந்துபோவாள். தம்பியிடம் சொல்லாவிட்டால், அந்தக் கையாலேயே அவன் அந்தக் கல்லைத் தடவிக்கொண்டிருப்பான். அந்த அசிங்கத்தை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

கல்லறைத் தோட்டத்தில் தம்பி வாளியில் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தான். அம்மா பூ வாங்கப் போயிருந்தாள். எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். திரி வைத்ததைச் சொல்ல மட்டும் தயங்கினேன், அப்புறம் அதையும் சொன்னேன்.

அவன் தலை நிமிரவில்லை. "எத்தன நாளு வச்சிருந்தான் அவுங்கள?"

"பதினோரு நாளுன்னு போட்டிருக்கு."

"அப்பறம் வுட்டுட்டானா?"

"இல்லப்பா. கப்பலோட சேத்து கொளுத்திட்டான்."

கலக்கிய குச்சியை வாளி விளிம்பில் தட்டினான். "என்னையப் புடிச்சு வச்சிருந்தானே, அவனும் ஒருநாளு சாவான்லக்கா. அவன் கல்லறைக்கும் எவளாச்சும் பூ வாங்கியாந்து போடுவா."

அதற்குள் அம்மா பூவோடு வந்துவிட்டாள்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லயா? அக்காவும் தம்பியும் இத்தினி நேரமா என்னா கத?" தானே பிரஷ்ஷை எடுத்து, இடுப்பைப் பிடித்தபடி கப்பல்காரரின் முன்னால் குனிந்தாள். "எம்புள்ளய திருப்பிக் குடுத்த மகராசன்யா நீ."

நான் வாயைத் திறந்தேன். தம்பி என் கையை அழுத்தினான். "வேணாங்கா."

அம்மாவின் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கிக்கொண்டான். வழக்கமாக எழுத்துகளை ஒதுக்கிச் சுற்றித்தான் அடிப்பான். அன்று பெயரின் மேலேயே இரண்டு தடவை, மூன்று தடவை அடித்தான். பிறகு எழுந்து வேப்பமரத்துப் பக்கம் போய் வாந்தி எடுத்தான்.

"வெறும் வயித்துல வராதன்னா கேட்டாத்தான?" என்று திட்டிக்கொண்டே அம்மா ஓடிப்போய் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.