தடம் பதியாததையும் எண்ணிய ராமசுப்பு

என் மூத்த பேத்தி மதுரையில் டாக்டர் படிப்பை முடித்துவிட்டாள். அவள் தம்பி கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் படிக்கும்போதே பெங்களூரில் வேலை வாங்கிவிட்டான். மகள் வயிற்றுப் பேரன் பளு தூக்குவதில் மாநில அளவில் இரண்டாவதாக வந்து, மெடலோடு ராஜபாளையத்தில் இறங்கினான். அதைச் சொல்லத்தான் அன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன் போட்டேன். வீட்டுப் பெருமை எதுவானாலும் கொழுந்தன் ராமசுப்புவிடம் சொன்னால்தான் எனக்குச் சொன்னதுபோல் இருக்கும். எடுத்தது அவர் மனைவி செண்பகம். "அக்கா, காப்பி கேட்டாவ. போட்டுக் கொண்டு வாரதுக்குள்ள போயிட்டாவ" என்றாள். மெடல் சேதி என் வாயிலேயே நின்றுவிட்டது.

அமெரிக்காவில் அவரோடு வேலை பார்த்து, இப்போது இந்த அஞ்சலிப் பக்கத்தை நடத்தும் உங்களுக்கு அவர் வேலை தெரியும். ஐந்தாவது வரை படித்த எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: புரோட்டானையும் அதற்கு நேர்மாறான ஆன்டிபுரோட்டானையும் எதிரெதிரே பாயவிட்டு மோதவைப்பார்கள். மோதலில் புதிதாகப் பிறந்து சிதறும் துகள்கள் என்னென்ன, எத்தனை என்று அளப்பார்கள். அங்கே தம்பி (கொழுந்தனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) பல வருஷம் செய்தது அதைத்தான்.

ஒரு லீவில் வந்தபோது, "செதறு தேங்கா உடைச்சுப் பொறுக்குத வேலைக்கா அம்புட்டு தூரம் போனீய?" என்று கேலி செய்தேன்.

"ஆமா மதினி. பொறுக்குறது லேசு. கைக்கு வராமப் போனதையும் கணக்குல சேக்கணும்லா, அதுக்குத்தான் சம்பளம்" என்று சிரித்தார்.

என் மூத்த மகன் கண்ணன் பத்தொன்பது வயதில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறியவன். இன்றுவரை தகவல் இல்லை. உயிரோடு இருந்தால் இதற்குள் வந்திருப்பான், கருமாதியைச் செய்துவிடலாம் என்று சில வருஷம் கழித்துச் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். என் வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார். தம்பி மட்டும், "எதைப் பாத்துச் சொல்லுதீய அண்ணே?" என்று கேட்டார். பிறகு அவரே விளக்கினார்.

"தெறிச்ச தடமெல்லாம் ஒரே பக்கமாச் சாஞ்சு கெடந்தா, எதிர்ப்பக்கம் ஒண்ணு தடம் பதியாமப் போயிருக்குன்னு நாங்க எழுதுவோம். இல்லாமப் போச்சுன்னு எழுத மாட்டோம். இந்த வீடும் அப்படித்தான் ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்கு" என்றார்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "அப்ப எம்பிள்ளை உசுரோட இருக்கான், அப்படித்தான தம்பி?"

"எங்கயோ போயிருக்கான்னு சொல்லலாம் மதினி. இருக்கான்னு சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்லை."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கோபத்தில் வெகுநாள் அவரோடு பேசாமல் இருந்தேன். ஆனால் அவர் சொல்லால்தான் அன்று கருமாதி நின்றது.

தம்பியைத் தூக்கும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் கடைசியில் நின்ற ஒவ்வொரு நரைத்த தாடியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா என்றால் கண்ணனுக்கு உயிர். தெருமுனையில் ஒருவன் தயங்கி நின்றான். கிட்டப் போய்ப் பார்த்தேன். அவன் வழி கேட்க வந்தவன்.

பதினாறாம் நாள், "ஒரே செலவாக் கண்ணனுக்கும் முடிச்சிருவோமே ஆச்சி" என்று யாரோ சொன்னார்கள். என்னை அறியாமல் தம்பி வழக்கமாக உட்காரும் நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அது காலியாக இருந்தது. "எதைப் பாத்துச் சொல்லுதீய?" என்று நான்தான் கேட்டேன். தம்பியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வி. ஆறுதல் தராது, ஆனால் கைவிடவும் விடாது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். ஊர்ச் சுவர் போஸ்டரிலும் இந்த அஞ்சலிப் பக்கத்திலும் தம்பி நோயில் வற்றிய முகத்தோடு இருக்கிறார். கண்ணன் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. எங்கேயாவது போனில் கண்ணில் பட்டாலும் யாரோ என்று தள்ளிவிடுவான். அவனுக்குத் தெரிந்தவர் சுருட்டை முடியும் கறுத்த மீசையுமான சித்தப்பா. அந்தக் காலத்தில் கூட வேலை பார்த்தவர்களிடம் அப்படி ஒரு படம் கட்டாயம் இருக்கும். இதை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள். கீழே அவர் பேரையும் ஊரையும் தமிழில் எழுதுங்கள்.