கதவில் அழிந்த இலக்கம்

கணக்கு வாத்தியார் ஒரேயொரு வித்தை காட்டினால் போதும், அதற்குப் பிறகு ஊரார் அவரிடம் கணக்கைத் தவிர மற்ற எல்லாம் கேட்பார்கள். ரியூசன் வகுப்பு நடத்தும் சகபாடிகளே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

ஒன்பதின் வித்தை

குறிஞ்சிப்பிட்டியில் என் வகுப்பு. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிய பெரியவர்களும் வருவார்கள். தூங்கி விழுபவர்களை எழுப்ப ஒரு வித்தை வைத்திருந்தேன். எவ்வளவு பெரிய எண்ணையும் எழுதுங்கள். அதன் இலக்கங்களைக் கூட்டி, அதே எண்ணிலிருந்து கழியுங்கள். வருவது எப்போதும் ஒன்பதால் வகுபடும். அதில் ஒரு இலக்கத்தை மறைத்துவிட்டு மற்றவற்றை வாசியுங்கள், மறைத்ததை நான் சொல்கிறேன்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி, பஸ்லியா, 7358241 என்று எழுதினாள். கூட்டுத்தொகை 30, கழித்தால் 7358211. எட்டை மறைத்துவிட்டு வாசித்தாள். கேட்டதைக் கூட்டினால் 19, அடுத்த ஒன்பதின் மடங்கு 27. எட்டு என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"சேர், நீங்க ஜின் ஏதும் வச்சிரிக்கீங்களா?"

பூச்சியம்

வித்தையில் ஒரு ஓட்டை உண்டு. உப்பளத்தில் வேலை செய்யும் நௌபர் நானா அதைக் கண்டுபிடித்தார். அவர் வாசித்ததைக் கூட்டினால் 18. மறைத்தது பூச்சியமாகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். ஒன்பது என்று அடித்துவிட்டேன். விரலை எடுத்தார், பூச்சியம்.

"ஒண்டுமே இல்லாததும் நெறஞ்சு கெடக்கிறதும் உங்கட கணக்குக்கு ஒண்டுதான் போல, சேர்."

கதவு

பஸ்லியா வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டாள். பிறகு ஒரு நாள் வந்து என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவளைக் கட்டிய மாப்பிள்ளை ஒரு ஏஜென்டை நம்பி வெளிநாட்டுக்குப் படகேறியிருந்தான். போனவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. போகும்போது ஏஜென்டின் நம்பரைச் சோக்குக் கட்டியால் கதவில் எழுதிவிட்டுப் போயிருக்கிறான். கடலுக்குப் போகிறவர்களின் வீடுகளில் அதுதான் வழக்கம். போன் தண்ணீரில் விழும், கதவு விழாது. ஆனால் அவன் வருகிறானா என்று கதவைத் திறந்து திறந்து, கை படுகிற இடத்தில் ஒரு இலக்கத்தை அவளே அழித்திருந்தாள். அழிந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

கழித்து ஒன்பதால் வகுபட வைத்த எண்ணில்தான் என் வித்தை பலிக்கும், போன் நம்பருக்கு அந்தக் குணம் கிடையாது என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது. பூச்சியத்திலிருந்து ஒன்பதுவரை போட்டுப் பார்ப்போம், பத்துத்தானே என்று அவளுடைய போனை வாங்கினேன். பத்து நம்பரிலும் ஆள் எடுத்தது. மாப்பிள்ளையின் பேரைச் சொல்லிக் கேட்டேன், அப்படி ஒருவரைத் தெரியாது என்று பத்துப் பேரும் சொன்னார்கள். போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அழவில்லை, கதவையே பார்த்தாள்.

"இந்தப் பத்துப் பேருல ஒருத்தன் பொய் சொல்றான், சேர். அது எவனெண்டு சொல்ல உங்கட்ட கணக்கில்லையா?"

இப்போது வகுப்பில் அந்த வித்தையைக் காட்டுவதில்லை, தூங்குகிறவர்கள் தூங்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.