தீவிலிருந்து வந்த ஒற்றை அரணை

யுத்தம் முடிந்த மறுவருஷம் நான் பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஒரு மியூசியத்தில் கிளார்க். ஜாகை மாட்டுங்காவில். எங்கள் துரை பல்லி, பாம்புகளை ஆராய்கிறவர். மழை ஓய்ந்ததும் கப்பலேறி ஒரு சின்னத் தீவுக்குப் போனார். வேறெங்குமே இல்லாத ஓர் அரணை இனம் அங்கே உண்டு. யுத்தத்துக்கு முன்னால் போனபோது, விழுந்துகிடந்த எந்த மரத்தைப் புரட்டினாலும் அடியிலிருந்து ஒன்று ஓடுமாம். இப்போது புரட்டுவதற்கு மரமே இல்லை. விமானம் இறங்குவதற்காகப் பாதிக் காட்டை வெட்டியிருந்தார்கள். மீதியை அழித்துத் தென்னங்கன்று நட்டுவிட்டார்கள். தேடித் தேடி ஒரே ஓர் அரணையோடு திரும்பினார்.

அதைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் ஒப்படைத்தார். அதற்கு உயிருள்ள பூச்சிதான் வேண்டும். வீட்டுச் சமையலறையில் கரப்பான்பூச்சி பிடித்து டப்பாவில் போட்டு, லோக்கல் ரயிலில் கொண்டுபோவேன். ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது.

“ஆபீஸ் உத்தியோகம்னு நம்பித்தானே எங்காத்துல என்னைப் பண்ணிக் கொடுத்தா? இப்போ கரப்பு பிடிக்கிறேள்” என்றாள் மனைவி.

ஒரு ஞாயிறு அவளும் மியூசியத்துக்கு வந்தாள். செம்பு நிறத்தில் அது கல்லின்மேல் கிடந்தது.

“இதுக்கு ஜோடி கிடையாதா?”

“தேடிண்டிருக்கா. துரை மறுபடியும் ஆள் அனுப்பியிருக்கார்.”

“கிடைக்கலைன்னா?”

“இந்த வம்சம் இதோட சரி.”

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “பாவம், ஒண்ணும் தெரியாம சாப்பிடறது பாருங்கோ” என்றாள். அதன்பிறகு பூச்சி பிடிப்பதை அவளே எடுத்துக்கொண்டாள்.

கோடையில், தீவுக்குப் போன ஆட்கள் வெறுங்கையோடு வந்தார்கள். அதற்குள் அரணையும் தீனி எடுப்பதை நிறுத்தியிருந்தது. மண்ணை மாற்றினேன், ஈரத்துணி போட்டேன், பூச்சியை வாயருகே நீட்டிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு நாள் காலையில் தொட்டபோது விறைத்திருந்தது.

துரையிடம் சொன்னேன். “ஸ்பிரிட் ஜாடியில் போட்டு வை” என்றார் இங்கிலீஷில், நிமிராமல். போட்டேன். சற்றுக் கழித்து அவரே வந்து ஜாடியெதிரே நின்றார்.

“யுத்தத்துக்கு முன்னால் போனபோதே நாலைந்து கொண்டுவந்திருக்கலாம். எங்கே பார்த்தாலும் ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன்.”

நான் ஜாடியில் சீட்டு ஒட்டினேன்.

சாயங்கால ரயிலில் அபூர்வமாக உட்கார இடம் கிடைத்தது. தூங்கிப்போய், மாட்டுங்காவைத் தாண்டி சயானில் விழித்தேன். இறங்கி வெயில் தாழ நடந்தே வந்தேன்.

“ஏன் இத்தனை நாழி?” என்றாள்.

“போயிடுத்து.”

எது என்று அவள் கேட்கவில்லை. சாதம் போட்டாள்.